தொடுதிரை இடைமுகத்துக்குக் காப்புரிமைக் கோரல் எழுதுதல்: சொல் தேரும் முறை

வட சென்னையின் பழைய கிரயப் பத்திரங்களைப் புரட்டியவர்களுக்கு ‘நான்கெல்லை’ என்ற பகுதி பழக்கமானதாக இருக்கும். வடக்கே இன்னார் வீடு, தெற்கே பொதுச் சந்து, கிழக்கே வேப்பமரம் என்று வரிசையாக எழுதி, ‘இதற்குட்பட்ட மனை’ என்று பத்திர எழுத்தர் முடித்திருப்பார். எழுதிய அன்று அது எல்லாருக்கும் விளங்கிய எல்லைதான். மரம் விழுந்து, அண்டை வீடு மூன்று கை மாறிய பிறகு, அதே வரி இரண்டு குடும்பங்களை நீதிமன்றத்தில் நிறுத்திவிடும். காப்புரிமை விண்ணப்பத்தில் அந்த நான்கெல்லையின் வேலையைச் செய்வது உரிமைக்கோரல். தொழிலில் இருப்பவர்கள் ‘கிளெய்ம்’ என்றே சொல்வார்கள்; இங்கே சுருக்கமாகக் ‘கோரல்’ என்கிறேன். மென்பொருள் இடைமுகத்துக்குக் கோரல் எழுதுபவருக்கோ சுட்டிக்காட்ட ஒரு வேப்பமரம்கூடக் கிடையாது. திரையில் தோன்றி மறையும் வடிவங்களும், விரலின் அசைவும், அவற்றுக்கிடையே கழியும் மில்லிநொடிகளும்தாம் கையிலிருக்கும் எல்லைக்கற்கள்.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10(5) பிரிவு, கோரல்கள் தெளிவாகவும் சுருக்கமாகவும், கண்டுபிடிப்பை விரித்துரைக்கும் விவரக்குறிப்பில் வெளிப்படுத்திய பொருளை நியாயமான அடிப்படையாகக் கொண்டும் இருக்க வேண்டும் என்கிறது. இதில் தவறினால் காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வின்போது மறுப்பு வரும். ஆய்வில் தப்பினாலும், கோரலின் எல்லை போதிய தெளிவுடன் வரையறுக்கப்படவில்லை என்பதைக் காட்டி, வழங்கிய காப்புரிமையையே 64-ஆம் பிரிவின்படி நீக்கக் கேட்க எதிர்த்தரப்புக்கு இடமுண்டு. கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் மறுத்தால், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டபின், வழக்கு நேரே பாரிமுனையில் உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. ஆகவே கோரலில் இடும் ஒவ்வொரு சொல்லையும், பல ஆண்டுகள் கழித்து, உங்களை ஒருபோதும் சந்தித்திராத ஒருவர் உங்களுக்கு எதிராகப் படிக்கப் போகிறார் என்ற நினைப்போடு எழுத வேண்டும்.

விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் தர முடியும் என்பதால், இறுதி வடிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இருந்தும், தமிழில் சிந்திக்கும் கண்டுபிடிப்பாளர் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உணர்ச்சியால் சொல்வதன்று இது. ஆங்கிலம் மூடி மறைக்கும் சில குழப்பங்களைத் தமிழ் வினைமுடிவுகள் மறைக்க விடுவதில்லை. சில இடங்களில் தமிழே குழப்பும். அதையும் பின்னர்ச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆப்பைக் கற்பனை செய்துகொள்வோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் நடக்கிறது. கூடைக்கு விழுந்த விலையைக் கைக்கருவியில் பதிபவரின் விரல்களில் உப்பு நீரும் பனிக்கட்டித் தண்ணீரும் வழிகின்றன. தொடுதிரை விரலின் மின்தேக்கத்தை உணர்ந்து வேலை செய்வது. கண்ணாடியில் தேங்கிய துளிகளையும் சில வேளைகளில் அது தொடுகையாகக் கொண்டுவிடும். ‘9’ என்று தட்டினால் ‘99’ விழுகிறது, அல்லது பக்கத்து ‘6’ விழுகிறது. தண்டையார்பேட்டை இளைஞர் ஒருவர், கை ஈரமாக இருப்பதைக் கருவியே கண்டுகொண்டு விசைப்பலகையை மாற்றிக்கொள்ளும்படி செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுதிவரும் முதல் கோரல் பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘ஈரக் கையாலும் எளிதில் இயக்கக்கூடிய, பெரிய பொத்தான்களைக் கொண்ட, பயனருக்கு உகந்த ஏல இடைமுகம்.’

விளம்பரத் தட்டிக்கு இது நல்ல வரி. கோரலாக இதில் நிற்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ‘எளிதில்’ என்பது யாருக்கு எளிது? ‘பெரிய’ என்பது எதைவிடப் பெரியது? ‘உகந்த’ என்பதை அளக்கும் கோல் யாரிடம் இருக்கிறது? இடைமுகங்களைப் பற்றி எழுதுவோர் வழுக்கி விழும் முதல் இடம் இந்த மதிப்பீட்டுச் சொற்கள்தாம். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-இல், டேட்டாமைஸ் நிறுவனத்தின் வழக்கில், இடைமுகத் திரைகளின் தோற்றம் ‘அழகுணர்வுக்கு இன்பமளிப்பதாக’ இருக்க வேண்டும் என்ற கோரலை, அது ஒருவரின் தனிப்பட்ட கருத்தைப் பொறுத்தது என்பதால் வரையறையற்றது என்று தள்ளியது. 2014-இல் இன்டர்வல் லைசென்சிங் வழக்கில், ‘பயனரின் கவனத்தைச் சிதைக்காத, உறுத்தாத வகையில்’ படங்களைக் காட்டுவது என்ற தொடரும் அதே கதிக்கு உள்ளானது. அந்தத் தீர்ப்புகள் நம் அலுவலகத்தைக் கட்டுப்படுத்தா. ஆனால் எந்த மொழியில் எழுதினாலும் இத்தகைய சொல் எந்த இடத்தில் உடையும் என்பதை அவை காட்டுகின்றன.

மதிப்பீட்டுச் சொல்லை மாற்றுவதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி, ‘இதைக் கருவி எப்படி அறியும்?’ என்று கேட்பது. ‘ஈரக் கை’ என்பதைக் கருவி அறியாது. மீனையும் ஏலத்தையும்கூட அது அறியாது. அது அறிவதெல்லாம், இன்ன நேரத்துக்குள் திரையில் இத்தனை தொடுபுள்ளிகள் பதிந்தன, ஒவ்வொன்றின் பரப்பும் இவ்வளவு என்பது மட்டும். எனவே ‘கை ஈரமாக இருந்தால்’ என்பதை எடுத்துவிட்டு, ‘குறித்த நேரத்துக்குள் உணர்ந்த தொடுபுள்ளிகளின் எண்ணிக்கை வரம்பை மிஞ்சினால்’ என்று எழுத வேண்டும். ஈரமும் மீன்பிடித் துறைமுகமும் விவரக்குறிப்பில் விரிவாக இருக்கட்டும். கோரலுக்குள் அவற்றைக் கொண்டுவந்தால், நாளை அதே நுட்பத்தை மழையில் நனையும் உணவு விநியோகக்காரரின் கருவியில் போடுபவர் உங்கள் எல்லைக்கு வெளியே நின்றுகொள்வார்.

இப்படி மாற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. சட்டத்தின் 3(கே) பிரிவு கணினி நிரலை அந்த நிரல் என்ற அளவில் மட்டும் காப்புரிமைக்கு வெளியே வைக்கிறது. 3(என்) பிரிவு தகவலை முன்வைக்கும் முறையை வெளியே வைக்கிறது. இடைமுகக் கோரல் இந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே நுழைந்து வர வேண்டியது. தில்லி உயர்நீதிமன்றம் 2019-இல் ஃபெரிட் அலானி வழக்கில், நிரலை அடிப்படையாகக் கொண்ட எல்லாக் கண்டுபிடிப்புகளையும் 3(கே) தடுப்பதில்லை என்றும், தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் தெளிவாக்கியது. ‘பெரிய பொத்தானைக் காட்டுதல்’ என்று மட்டும் எழுதினால் அது தகவலை முன்வைத்தல் என்று படிக்கப்படும். தொடுபுள்ளிகளை எண்ணி, அதற்கேற்பத் தொடுகையை ஏற்கும் விதியைக் கருவி மாற்றிக்கொள்கிறது என்று எழுதினால், பிழையான உள்ளீடு குறைகிறது என்ற தொழில்நுட்ப விளைவு கோரலின் சொற்களிலிருந்தே வெளிப்படும். விளைவை விவரக்குறிப்பில் மட்டும் புகழ்ந்துவிட்டு, அதை உண்டாக்கும் படியைக் கோரலில் எழுத மறப்பது நான் அடிக்கடி காணும் குறை.

இனித் தமிழ் உதவும் இடத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘வென்’ (when) என்ற ஒரு சொல்லைப் போட்டுவிட்டு எழுதுபவர் நிம்மதியாக நகர்ந்துவிடுவார். தமிழில் அப்படி நகர முடியாது. ‘விசையை அழுத்தினால்’, ‘அழுத்தும்போது’, ‘அழுத்தியவுடன்’, ‘அழுத்திய பின்’ ஆகிய நான்கில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நான்கும் நான்கு வெவ்வேறு எல்லைகள். முதலாவது நிபந்தனை, அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியையும் அது உடன் கொண்டுவருகிறது. இரண்டாவது, விரல் திரையில் இருக்கும் கால அளவு முழுவதையும் குறிக்கிறது. மூன்றாவது இடைவெளி இல்லாத தொடர்ச்சியைக் கேட்கிறது. அரை நொடி தாமதித்துக் காட்டும் போட்டியாளர் ‘உடன்’ என்ற அந்த ஓர் ஒட்டைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாம். நான்காவது, எவ்வளவு நேரம் கழித்து நடந்தாலும் பொருந்தும். ஆனால் ஏற்கெனவே வெளிவந்துவிட்ட முந்தைய நுட்பங்களுள் பலவும் அதற்குள் அகப்பட்டுவிடும். தமிழ் வரைவில் எந்த வடிவம் சரி என்று உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ற ஆங்கிலத் தொடரைத் தேடினால் ‘வென்’ தானாகவே உதிர்ந்துவிடும்.

‘அழுத்துதல்’ என்பதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. விரல் திரையைத் தொடும் கணமா, தொட்டு எடுக்கும் கணமா, தொட்டபடி நீடிக்கும் காலமா? ‘தேர்ந்தெடுத்தல்’ இன்னும் மோசம். பயனர் மனத்துக்குள் செய்யும் தேர்வையும் அது குறிக்கும். ஒரே சொடுக்கில் பொருள் வாங்குவதற்கான அமேசானின் ஒற்றைச் சொடுக்குக் காப்புரிமை 1999-இல் வழங்கப்பட்டது. அதன் மேல் எழுந்த வழக்கில், ‘ஒரே ஒரு செயல்’ என்றால் எந்த இடத்திலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதே பெரிய விவாதமாயிற்று. பொருளைத் தேடிச் சொடுக்கியதெல்லாம் சேருமா? பொருளின் விவரம் திரையில் தெரிந்த பிறகு செய்வதை மட்டுமே எண்ண வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001-இல் பொருள் கொண்டது. எண்ணைக் கோரலில் எழுதினால், எண்ணிக்கை தொடங்கும் இடத்தையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.

‘படும்’ என்று முடியும் வாக்கியங்களைக் கண்டால் நிறுத்திக் கேளுங்கள். ‘விலை உறுதி செய்யப்படும்’ என்று எழுதுகிறோம். உறுதி செய்வது ஏலக்காரரா, கருவியா, தொலைவிலுள்ள வழங்கியா (சர்வர்)? செய்பவரை எழுவாயாக்கி எழுதினால் விடை தானே வந்து நிற்கும். கூடியவரை எல்லாப் படிகளுக்கும் கருவியே எழுவாயாக இருக்கட்டும்: ‘பயனர் விசையை அழுத்துகிறார்’ என்பதற்குப் பதிலாக ‘கருவி, விசையின் பரப்புக்குள் தொடுகையை உணர்கிறது’. இது வெறும் நடைப் பிரச்சினை அன்று. ஐபிஎக்ஸ்எல் நிறுவனம் அமேசான்மீது தொடுத்த வழக்கில், அமைப்பைப் பற்றிய கோரல் ஒன்றுக்குள் ‘பயனர் உள்ளீட்டுச் சாதனத்தைப் பயன்படுத்துகிறார்’ என்ற படியும் கலந்திருந்தது. அமைப்பை உருவாக்கினாலே காப்புரிமை மீறலா, பயனர் பயன்படுத்திய பிறகுதான் மீறலா என்று தெரியவில்லை என்பதால் அந்தக் கோரல் 2005-இல் செல்லாததாயிற்று. பயனரைப் படிக்குள் இழுத்தால், மீறலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் எதிர்த்தரப்பு நிறுவனமாக இல்லாமல், காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மாவாகிவிடுவார்.

‘குறைந்தது ஒன்று’ என்ற தொடரும் இடைமுகக் கோரல்களில் தவறாமல் வரும். தொலைக்காட்சி நிகழ்ச்சி வழிகாட்டித் திரை பற்றிய சூப்பர்கைடு வழக்கில், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அலைவரிசை, நிகழ்ச்சி வகை ஆகியவற்றுள் ‘குறைந்தது ஒன்று’ என்று எழுதியிருந்ததை, ஒவ்வொரு வகையிலும் குறைந்தது ஒன்று என்று அமெரிக்க நீதிமன்றம் 2004-இல் படித்தது. ஆங்கிலத்தில் ‘அண்ட்’ என்ற சிறு சொல் செய்த வேலை அது. தமிழில் ‘இவற்றுள் ஏதேனும் ஒன்றாவது’, ‘இவை ஒவ்வொன்றிலும் ஒன்றாவது’ என்று இரண்டையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். எது வேண்டும் என்பது ஐயமின்றித் தெரியும். ஆங்கிலத்திலும் அந்த நீளத்தையே வைத்துக்கொள்ளுங்கள், அழகுக்காகச் சுருக்க வேண்டாம்.

தமிழ் குழப்பும் இடங்களுள் முதலாவது, ‘செயலி’ என்ற சொல். கைப்பேசியில் நிறுவும் ஆப்பும் செயலி. கட்டளைகளை இயக்கும் சில்லும் செயலி. ‘செயலி தொடுபுள்ளிகளை எண்ணுகிறது’ என்று தமிழில் எழுதியவர், ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எதைக் குறித்தோம் என்று தாமே மறந்துவிடலாம். 3(கே) பிரிவின் முன்னிலையில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மிக அதிகம். நான் ஆப், நுண்செயலி என்று பிரித்தே எழுதுகிறேன். ‘திரை’ என்பதும் கண்ணாடியா, அதில் தோன்றும் பக்கமா என்ற ஐயத்தைத் தரும். ‘இடைமுகம்’ என்பது பயனர் பார்ப்பதையும், இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பையும், கம்பி செருகும் துளையையும் சேர்த்தே குறிக்கும். இவற்றுள் எதைச் சொல்கிறோம் என்பதை விவரக்குறிப்பின் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இரண்டாவது, தமிழில் ஆங்கிலத்தின் ‘எ’, ‘தி’ (a, the) போன்ற சொற்கள் இல்லை. ‘விசை’ என்று வெறுமனே எழுதினால் முன்னர்ச் சொன்ன விசையா, வேறொன்றா, பலவா என்று தெரியாது. எனவே முதன்முறை வரும்போது ‘ஒரு’, அடுத்த முறைகளில் ‘அந்த’ என்று விடாப்பிடியாக எழுதுங்கள். ‘அந்த’ என்று தொடங்கும் எதற்கும் முன்னால் ‘ஒரு’ என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

பள்ளியில் கட்டுரை எழுதியபோது, ஒரே சொல் மூன்று முறை வந்தால் தமிழாசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். ‘கூறியது கூறல்’ நம் இலக்கண மரபு எண்ணும் பத்துக் குற்றங்களுள் ஒன்று. கோரல் எழுதும்போது அந்தப் பயிற்சியை மறந்துவிட வேண்டும். முதல் வரியில் ‘விசை’ என்றால் கடைசி வரி வரை விசைதான். நடுவில் ‘பொத்தான்’ என்று மாற்றினால், அது வேறொரு பொருள் என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அதே பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதும் உண்டு. இங்கே நாம் அஞ்ச வேண்டியது அதற்குத்தான்.

‘மாட்யூல்’, ‘யூனிட்’, ‘மீன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொற்களைப் பற்றிச் சுருக்கமாக. மென்பொருள்காரர்களுக்கு மாட்யூல் என்பது அன்றாடச் சொல். கோரலில் அது உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டி. சிட்ரிக்ஸ் நிறுவனத்துக்கு எதிரான 2015-ஆம் ஆண்டு வழக்கில் அது ‘சாதனம்’ (மீன்ஸ்) என்ற சொல்லுக்கு மாற்றாக இட்ட வெற்றுச் சொல்லாகவே நடத்தப்பட்டது. நம் அலுவலகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளும், அத்தகைய ‘சாதன’ங்களுக்கு விவரக்குறிப்பில் கணினி நிரலைத் தவிர வேறு ஆதாரம் இல்லாவிட்டால் கோரலை மறுக்கச் சொல்லின. ‘கண்டறியும் மாட்யூல்’ என்பதை விட்டு, தொடுதிரைக் கட்டுப்படுத்தியிலிருந்து தொடுபுள்ளிகளைப் பெற்று எண்ணும் நுண்செயலி என்று எழுதுங்கள். ‘கொண்ட’ என்ற தமிழ்ச் சொல்லிலும் ஒரு பொறி உண்டு: இவற்றை உள்ளடக்கியது, வேறும் இருக்கலாம் என்பது ‘கம்ப்ரைசிங்’, இவை மட்டுமே என்பது ‘கன்சிஸ்டிங் ஆஃப்’. இடைமுகத்துக்கு ஏறத்தாழ எப்போதும் முதலாவதே வேண்டும்.

இவ்வளவும் சேர்ந்தால் நம் கோரல் இந்த வடிவத்துக்கு வருகிறது:

‘ஒரு தொடுதிரையையும் ஒரு நுண்செயலியையும் உள்ளடக்கிய ஒரு கைக்கருவியில் எண் உள்ளீட்டை ஏற்கும் முறை, அம்முறையில் அந்த நுண்செயலி, பல விசைகளை உள்ளடக்கிய ஒரு முதல் விசைப்பலகையை அந்தத் தொடுதிரையில் காட்டுகிறது, ஒரு முன்னமைத்த கால அளவுக்குள் அந்தத் தொடுதிரை உணரும் தொடுபுள்ளிகளை எண்ணி ஓர் எண்ணிக்கையைப் பெறுகிறது, அந்த எண்ணிக்கை ஒரு முன்னமைத்த வரம்பை மிஞ்சினால், அந்த முதல் விசைப்பலகையை நீக்கி, அதன் விசை ஒவ்வொன்றையும்விடப் பரப்பில் கூடிய விசைகளை உள்ளடக்கிய ஓர் இரண்டாம் விசைப்பலகையைக் காட்டுகிறது, அந்த இரண்டாம் விசைப்பலகை காட்டப்பட்டிருக்கும் வரை, அதன் விசைகளுள் ஒன்றின் பரப்புக்குள் ஒரு தொடுகை ஒரு முன்னமைத்த நீடிப்பு நேரத்துக்குக் குறையாமல் நீடித்த பின்னரே, அந்த விசைக்குரிய எண்ணை உள்ளீடாக ஏற்கிறது.’

‘பெரிய’ என்பது போய் ‘அதன் விசை ஒவ்வொன்றையும்விடப் பரப்பில் கூடிய’ என்று ஒப்பீட்டுக்கு ஒரு பொருள் கிடைத்திருக்கிறது. ‘முன்னமைத்த’ என்பது முற்றிலும் குற்றமற்ற சொல் அன்று. யார், எப்போது அமைத்தார் என்பதை விவரக்குறிப்பு சொன்னால்தான் அது நிற்கும். நீடிப்பு நேரம் 400 மில்லிநொடி, விசைப்பரப்பு குறைந்தது இரு மடங்கு போன்ற எண்களை, முதன்மைக் கோரலைச் சார்ந்து அதன் எல்லையைக் குறுக்கும் சார்புக் கோரல்களில் வையுங்கள். முதன்மைக் கோரலில் 400 என்று எழுதினால், 390-இல் நிறுத்துபவர் வெளியே. எங்கும் எழுதாவிட்டால், முந்தைய நுட்பம் ஒன்று எதிரே வரும்போது பின்வாங்கி நிற்க உங்களுக்கு இடமில்லை. 59-ஆம் பிரிவின்படி, பின்னர்ச் செய்யும் திருத்தம் விவரக்குறிப்பில் முன்பே வெளிப்படுத்தியதைத் தாண்டக் கூடாது. திருத்திய கோரல் பழைய கோரலின் எல்லைக்குள் முழுவதும் அடங்கவும் வேண்டும். அதனால் எண்களைத் தொடக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது. அதற்காகக் கோரல்களை அள்ளி வீசவும் வேண்டாம். தனிநபரோ புத்தொழில் நிறுவனமோ மின்வழியில் தாக்கல் செய்தால் அடிப்படைக் கட்டணமான 1,600 ரூபாய்க்குள் 10 கோரல்கள் அடங்கும்; அதற்கு மேல் கோரல் ஒன்றுக்கு 320 ரூபாய். வரைபடத்தில் உள்ள உறுப்புகளுக்குரிய குறியெண்களைக் கோரலில் அடைப்புக்குறிக்குள் இடுவது விதிப்படி வேண்டியதே. அந்த வேலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையெனில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்களை மாற்றிக்கொண்டே இருக்க நேரும்.

தாக்கல் செய்வதற்கு முன், ஆப்பைப் பார்த்திராத ஒருவரிடம் கோரலை மட்டும் படித்துக்காட்டி, திரையை வரையச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறந்து எந்த விளக்கமும் தரக் கூடாது. மேலே தந்த கோரலின் முந்தைய வரைவைக் கொருக்குப்பேட்டையிலிருக்கும் என் அக்காள் மகனிடம் அப்படிப் படித்துக்காட்டினேன். அவன் திரையை இரண்டாகப் பிரித்து, மேல் பாதியில் சிறிய விசைகளையும் கீழ்ப் பாதியில் பெரிய விசைகளையும் வரைந்துவிட்டு, பென்சிலைக் கீழே வைக்காமல் கேட்டான்: ‘மாமா, ரெண்டாவது பலகை வந்துச்சின்னு எழுதியிருக்கீங்க, மொதல்ல இருந்தது போச்சுன்னு எங்கயும் இல்லையே?’ அந்த வரைவில் ‘நீக்கி’ என்ற சொல் இல்லை.